நானா அளந்த உலகம்

என் நானா, என் கூடப் பிறந்த அண்ணன், மௌத்தாகிப் போனதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தால் யூனான் என்கிற கிரேக்க தேசத்து அறிஞர் ஒருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் வாழ்ந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தையல்காரன். யூனான் என்றால் யூனானி மருந்துக் கடையில் விற்கும் லேகியத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாமல் இருந்தது. அந்த மனிதரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மகள்.

போர் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. சித்திரை விடுமுறைக்கு விஞ்ஞான ஆசிரியை ஓர் ஒப்படை கொடுத்து விட்டிருந்தார். பூமியின் சுற்றளவை அளக்க வேண்டுமாம்.

"எதால அளக்கப் போறாய்? என்ட அளவு நாடாவாலயா?" என்று கேட்டேன்.

"ஓம் வாப்பா, அதாலதான்," என்றாள். அவள் பகிடி விடவில்லை.

ஆசிரியை கொடுத்த தாளை வாங்கி வாசித்தேன். விளங்கவில்லை. மூன்றாம் தரம் வாசித்தபோது விளங்கியது. அந்த யூனானி அலெக்சாந்திரியாவில் ஒரு பெரிய நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். தெற்கே தூரத்து ஊர் ஒன்றில் வருஷத்தில் ஒரு நாள் உச்சிப் பொழுதில் வெயில் நேராகக் கிணற்றின் அடிக்கே இறங்குகிறது, தடி நட்டால் நிழல் விழுவதில்லை என்று அவர் கேள்விப்பட்டார். அதே நாள், அதே நேரம், தன் ஊரில் நிழல் விழுவதைப் பார்த்தார். சூரியன் ஒன்று. வெயில் எல்லா இடத்துக்கும் ஒரே போக்கில்தான் வருகிறது. அப்படியானால் இங்கே நிழல், அங்கே ஏன் இல்லை? தரை வளைந்திருக்கிறது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை நிழலே சொல்லும். இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்தால் முழு உலகத்தையும் கணக்கிட்டுவிடலாம். அவர் கப்பல் ஏறவில்லை, உலகத்தைச் சுற்றவில்லை. நின்ற இடத்தில் நின்று யோசித்தார்.

பிறகு அந்த மக்களுடைய நூல்கள் அரபு மொழிக்கு வந்தன என்றும், பக்தாதில் இருந்தவர்கள் அவற்றைப் படித்து, பாலைவனத்தில் கயிறு பிடித்து நடந்து, மறுபடி அளந்து பார்த்தார்கள் என்றும் தாளில் இருந்தது. இன்று வானத்தில் சுற்றும் செய்மதிக்கும், கைத்தொலைபேசியில் தொழுகை நேரம் காட்டுவதற்கும் அடியில் இருப்பது அந்தப் பழைய கணக்குத்தான் என்று ஆசிரியை கடைசியில் எழுதியிருந்தார். புத்தியை அல்லாஹ் யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்த யூனானி தன் கண்ணால் அந்தக் கிணற்றைப் பார்த்தாரோ இல்லையோ, தாளில் அது இல்லை. யாரோ ஒருவருடைய சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல்தான் தன் கணக்கைக் கட்டினார்.

எங்கள் பக்கத்தில் சித்திரை மாதம், அதாவது ஏப்ரல் பத்து, பதினொன்று அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வருஷா வருஷம் பத்திரிகையில் ஊர் ஊராக நேரம் போடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு நிழல் இல்லை. நேர் வடக்கே தூரமாக இருக்கும் இன்னோர் ஊரில் ஒருவர் அதே உச்சியில் நிழலை அளந்து சொல்ல வேண்டும். மகள் தேசப்படத்தை மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்து, எங்கள் ஊர் நுரைச்சோலையிலிருந்து மேலே கோடு இழுத்தாள். கோடு யாழ்ப்பாணத்தில் போய் முட்டியது.

"நூற்றியெண்பத்து மூணு கிலோமீற்றர்," என்றாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததில் எத்தனை நாள், எத்தனை லொறி, எவ்வளவு நடை என்பது எனக்குத் தெரியும். அடிமட்டத்தில் அது ஒரு சாண் கூட இல்லை.

"பெரியவாப்பாட்ட கேக்கட்டா?" என்றாள் மகள். நான் தையல் மெஷினுக்குத் திரும்பினேன்.

பெரியவாப்பா என்று அவள் சொன்னது என் நானாவை. நானும் அவரும் பேசி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அகதி முகாமில் கிடுகால் வேய்ந்த பள்ளிவாசலில் பாங்கு சொன்னவர் அவர். முதல் மாதங்களில் எங்களிடம் ஓடுகிற மணிக்கூடு ஒன்றுகூட இருக்கவில்லை. நானா ஒரு பூவரசந்தடியை நட்டு, அதன் நிழலைப் பார்த்துத்தான் லுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்கும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கும் நேரம் சொன்னார். பிறகு மணிக்கூடு வந்தது, கல்லுப் பள்ளி வந்தது. அவர் தடியை விடவில்லை. மணிக்கூடு சொல்வதைத் தடியிடம் ஒருக்கால் கேட்டுத்தான் ஒலிபெருக்கியைத் தொடுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளைத் தோளில் வைத்துத்தான் நிழல் பார்க்கப் போவார்.

போர் முடிந்த நாளிலிருந்து, திரும்பிப் போவோம் என்று நான்கைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். குடும்பமாகப் பதிந்தால்தான் காணியைத் துப்புரவாக்கித் தருவார்களாம். என் மனைவி இந்த ஊர்க்காரி, மகளின் படிப்பு இங்கே, என் தையல் வாடிக்கை இங்கே. நான் மாட்டேன் என்றேன். ஒரு நாள் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பள்ளி வாசலில், ஆட்களுக்கு முன்னால் வாய் முற்றிவிட்டது.

"நீ இங்கயே அகதியா இருந்து அகதியாவே மௌத்தாகு," என்றார்.

"நீங்க போய் அந்த இடிஞ்ச சுவரக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு மௌத்தாகுங்க," என்று நான் சொன்னேன். தம்பி நானாவுக்குச் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அவர் தன் மனைவியை, என் மதினியை, கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். பழைய வீட்டு நிலத்தில் தகரம் போட்டு, அங்கேயும் பள்ளியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு பேசாமல் இருப்பது ஆகாது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அது. மூன்று நாள் மூன்று வருஷமானது. ஐந்து நேரமும் தொழுதுகொண்டே இந்தப் பாவத்தையும் செய்துகொண்டிருந்தேன். முதலில் சலாம் சொல்கிறவன் தோற்றவன் என்று என் நப்ஸ், உள்ளே இருக்கும் அகந்தை, எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. உம்மாவின் தொலைபேசியை எடுத்து நானாவோடு பேசி, ஒரு மீற்றர் தடி, குண்டு கட்டிய நூல், தட்டையான பலகை என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த நாள் வந்தது. முற்றத்தில் தடியை நட்டோம். நான் நூலைப் பிடித்துத் தடி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தேன். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் நிழல் தடிக்குள்ளேயே போய் ஒளிந்தது. வாளியின் நிழல் வாளிக்கடியில். கொடியில் கிடந்த துணியின் நிழல் ஒரு கோடு. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் பெரிய புகைபோக்கிக்குக்கூட அப்போது நிழல் இருந்திருக்காது. நான் என் காலடியைச் சுற்றிப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் என் மனைவி குசினி வாசலில் நின்று. "ஒங்கட நிழலும் சித்திரை லீவில போயிட்டு. ஒங்களவிட அதுக்கு மூள ஈக்கி."

கால் மணி நேரம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. மகள் எழுத வசதியாகத் தொலைபேசியைச் சத்தமாக வைத்தாள்.

"மூணு தசம் ஆறு சென்ரிமீற்றர், மகள்."

அந்தக் குரலை மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். பாங்கு சொல்லிச் சொல்லிக் கரகரத்த குரல்.

"நேரம் சரியாப் பாத்தீங்களா பெரியவாப்பா?"

"இருபத்தஞ்சு வருஷமாப் பாங்கு சொல்றவனிட்டயே நேரம் கேக்கிறியா நீ? பொல்லாத ஆள்தான்." சிரித்தார். பிறகு கேட்டார், "வாப்பா பக்கத்தில நிக்கிறானோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இல்ல பெரியவாப்பா. பள்ளிக்குப் போயிட்டார்."

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை.

"ஓம் ஓம், போயிருப்பான்," என்றார் நானா. "இருமல மட்டும் வீட்டில விட்டிட்டுப் போயிருக்கான் போல. பரவாயில்ல. வந்தாச் சலாம் சொன்னேன் எண்டு சொல்லு."

சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கேட்கும்படி சொல்லவில்லை.

மகள் அன்றைக்கு அஸர் வரை கணக்குப் போட்டாள். பிறகு என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்தாள்.

"உலகம் சின்னதா வந்திட்டு வாப்பா. நாப்பதாயிரம் கிலோமீற்றர் வர வேணும். எனக்கு முப்பத்திரண்டாயிரம்கூட வரல்ல. பெரியவாப்பாட நிழல் கூடிப் போயிட்டு."

"எவ்வளவு இருந்திருக்க வேணும்?"

"மூணுக்குக் கொஞ்சம் குறைய."

அவள் சொன்ன மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் நாங்கள் தொழுவதில்லை. அது சாய்ந்த பிறகுதான் லுஹர். நானா சாய்ந்ததைக் கண்டும் உடனே பாங்கு சொல்லமாட்டார். ஐந்து நிமிடம் பொறுப்பார். கண் பிழைத்துவிட்டால் ஊரே நேரத்துக்கு முன் தொழுத பாவம் தன் கழுத்தில் என்பார். தையலில் ஓரத்துக்குத் துணி விடுவதுபோல அது அவருடைய பேணுதல். இருபத்தைந்து வருஷம் ஒரு நாளும் அந்த ஐந்து நிமிடத்தை அவர் விட்டதில்லை. அந்தப் பழக்கத்திலேயே போய் நிழலை அளந்திருக்கிறார். யூனானிக்கு வேண்டியது உச்சி. நானா கொடுத்தது லுஹர். உலகம் எட்டாயிரம் கிலோமீற்றர் சுருங்கிவிட்டது.

மகளிடம் சொன்னேன். அவள் கண் விரிந்தது.

"அப்ப அதக் கேட்டு எழுதலாம் வாப்பா. 'பிழைக்கான காரணங்கள்' எண்டு ஒரு பகுதி இருக்கு. அதுக்குத்தான் கூடப் புள்ளி. ரீச்சர் சொன்னவ, பிழை வந்தா வெக்கப்பட வேணாம், எங்க வந்தது எண்டு தேடிப் பிடிக்கிறதுதான் விஞ்ஞானமாம்."

"எழுது அப்ப."

"நினைச்சதை எழுத ஏலாது. அவரிட்டக் கேட்டு உறுதிப்படுத்த வேணும். நீங்க எடுத்துக் கேளுங்க வாப்பா. ஒங்களுக்குத்தானே விளங்கினது."

"நீயே கேள்."

"நீங்க கேளுங்க," என்றாள். அவள் எதற்காக அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சின்னப் பிள்ளை, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு காரியத்தை வைத்துப் பார்க்கிறாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

விடுமுறை முடியும்வரை அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அவள் ஒப்படையைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ், தடி சரிந்திருக்கலாம், பலகை மட்டமில்லாமல் இருந்திருக்கலாம் என்று இரண்டு வரி இருந்தது. நானா தடியைச் சரித்து நடுகிற ஆள் அல்ல. அதை வாசித்தபோது எனக்குச் சுட்டது. ஆனாலும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆவணியில் சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு தரம் அளக்கலாம், அப்போது நானே பேசுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நோன்பு வந்தது. முப்பது நாளும் துஆக் கேட்டேன், நானாவுக்காகவும் கேட்டேன். அவரிடம் மட்டும் பேசவில்லை. பெருநாளன்று மகளும் மனைவியும் பேசினார்கள். நான் தைத்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பெருநாளன்று யார் உடுப்புக்குக் காத்திருப்பார்கள்? எல்லாரும் உடுத்து முடித்திருந்தார்கள். களப்புக் கரையில் போய் நின்றுவிட்டு வந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பேசிவிடுவேன் என்று நினைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்று கிழமை இருந்தது. ஒரு காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மதினியிடமிருந்து அழைப்பு. பாங்கு சொல்லித் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று கதிரையில் இருந்தாராம். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜனாஸா அடக்கத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். புத்தளத்தில் பஸ் ஏறி, அநுராதபுரத்தில் மாறி, வவுனியாவில் மாறிப் போய்ச் சேரும்போது அஸர் ஆகிவிட்டது. லுஹருக்கே அடக்கியிருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அடக்கத்தலத்துக்குள் போகும்போது சொல்ல வேண்டிய சலாத்தைச் சொன்னேன். அது கபுறில் இருக்கும் எல்லாருக்கும் சொல்கிற சலாம். அவருக்கென்று சொல்ல வேண்டிய சலாம் ஒன்று என்னிடம் மூன்று வருஷமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

வீட்டில் மதினி, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தார். திரைக்கு அப்பால் இருந்து பேசினார்.

"ஒருக்காலாவது போன் எடுத்துக் கதைச்சிருக்கலாம் தம்பி."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"அண்டைக்குப் பாங்கை வேற ஆளிட்டக் குடுத்திட்டு நிண்டு பிள்ளைக்கு நிழல் அளந்து சொன்னவர்தானே. சொல்லிப்போட்டு உள்ள வந்து இருந்து கொஞ்ச நேரத்தில 'அடடா' எண்டார். 'நான் லுஹருக்குப் பாக்கிற மாதிரி அஞ்சு நிமிசம் பொறுத்தெல்லோ அளந்துபோட்டேன், கணக்குப் பிழைக்கப் போகுது' எண்டார். அப்ப எடுத்துச் சொல்லுங்கவன் எண்டு நான் சொன்னேன்."

"ஏன் சொல்லல்ல மதினி?"

"'வேணாம்' எண்டார். 'பிள்ளைக்குப் பிடிபடாது. தம்பிக்குப் பிடிபடும். என்ட அஞ்சு நிமிசம் அவனைத் தவிர ஆருக்குத் தெரியும்? அவன் எடுப்பான் பார், எடுத்து என்னை ஏசுவான்' எண்டு சிரிச்சவர். கொஞ்ச நாளா உச்சி நேரத்தில போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு அதைப் பற்றிக் கதைக்கிறதை விட்டிட்டார்."

நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன். தகரக் கூரைக்கு வெளியே பழைய சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் கை வைத்துக்கொண்டு அழுதேன். வாப்பா மௌத்தானபோதுகூட அப்படி அழுததில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். இரண்டு நாள் கழித்து, ஆசிரியையிடம் கேட்டு, பழைய கொப்பியில் புதிதாகக் கணக்குப் போட்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் சூரியன் எவ்வளவு மேற்கே போகும் என்று பார்த்து, அதனால் நிழல் பக்கவாட்டில் கூடியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் பெருக்கியிருந்தாள்.

"நாப்பதாயிரத்து ஐம்பது வாப்பா," என்றாள். "பெரியவாப்பா அளந்தது மயிரிழையும் பிசகல்ல." கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள்.

பெரிய பெரிய கருவிகளால் அளந்த உலகமும், தகரக் கொட்டிலுக்கு முன்னால் என் நானா ஒரு தடியை வைத்து அளந்த உலகமும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த ஆவணியில் சூரியன் எங்கள் தலைக்கு மேல் திரும்பி வந்தபோது நாங்கள் தடி நடவில்லை. அந்தக் கணக்குக்கு இரண்டு ஊரில் இரண்டு பேர் வேண்டும்.

மார்க்கம் படித்த ஹஸ்ரத் ஒருவரிடம் கேட்டேன். படைத்தவன் தனக்குச் செய்த பிழையைத் தான் நாடினால் மன்னித்துவிடுவான், அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியான்தான் பொறுக்க வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்ததுதான் அது. வேறு ஏதாவது சொல்லமாட்டாரா என்றுதான் கேட்டேன். நானா பேரில் ஏழைகளுக்குச் சதகா கொடுக்கிறேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காகக் கையேந்துகிறேன். அவர் என்னைப் பொறுத்துவிட்டாரா என்பது மறுமை நாளில், மஹ்ஷரில் அவர் முன்னால் போய் நிற்கும்போதுதான் எனக்குத் தெரியும்.